விளக்கு வைத்த செருப்புப் படகு

ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களில் சிலர், கைப்பணிப் பாடத்துக்கு என்னென்ன சாமான்கள் வாங்கி வைக்கவேண்டும் என்று என்னிடம் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் தரமாட்டேன். கடைக்காரரிடம் கேட்டால் என்னைவிட நல்ல பட்டியல் தருவார். இப்போது எல்லாம் பெட்டியில் வருகிறது. வெட்டியும் வைத்திருக்கிறார்கள், ஒட்டியும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு மிஞ்சுவது பெட்டியைத் திறக்கிற வேலை மட்டும்தான். என்னால் சொல்லக்கூடியது நான் விட்ட பிழைகளைத்தான். அதில் எனக்கு முப்பத்து மூன்று வருடச் சேவை இருக்கிறது.

சின்னப் பிழையிலிருந்து தொடங்குகிறேன். திருகோணமலை டவுனில் படிப்பிக்கிறவர்களுக்குத் தெருவெல்லாம் திரியும் மான்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எனது முதலாவது வருடம், கடதாசிக் கூழால் மிருக முகமூடிகள் செய்வித்தேன். கோதுமைமாப் பசை காய்ச்சி, கிழித்த பத்திரிகைத் தாள்களை அதில் ஊறவைத்து, முகமூடிகளைப் பாடசாலை முற்றத்தில் வெயிலுக்கு அடுக்கிவிட்டு இடைவேளைக்குப் போனோம். திரும்பி வந்தபோது ஐந்து மான்கள் நின்றன. யானைக்குத் தும்பிக்கை இல்லை. சிங்கத்துக்கு முகமே இல்லை. ஏன் காவல் நிற்கவில்லை என்று பிள்ளைகளைப் பிடித்து ஏசு ஏசென்று ஏசினேன். பக்கத்து வகுப்பில் படிப்பித்த மூத்த ஆசிரியை ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "மானுக்கு மாப்பசை பிடிக்குமெண்டு இதுகளுக்குத் தெரியும் ரீச்சர். நீங்கள் கேக்கேல்ல." மறுநாள் பிள்ளைகளிடம் கேட்டேன். பசைக்குள் வேப்பிலையை அரைத்துப் போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மான் கிட்ட வரவில்லை.

அந்தப் பாடம் எனக்கு அன்றைக்கே விளங்கியிருந்தால் நான் கெட்டிக்காரி. விளங்கவில்லை. அது விளங்குவதற்கு இன்னும் பத்து வருடமும், ஒரு நேவி அதிகாரியும், நிரோசா என்ற ஒன்பது வயதுப் பிள்ளையும் தேவைப்பட்டார்கள்.

போர்க்காலம். நான் அப்போது உட்துறைமுகக் கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். பாடசாலையின் பின்மதிலைத் தாண்டினால் நாலைந்து கற்படிகள், அதற்குக் கீழே கடல். எதிர்ப்பக்கம் நேவிக்காரரின் இடம். தண்ணீருக்கு அடியால் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாது என்று அவர்கள் இடையிடையே கடலுக்குள் வெடி போடுவார்கள். நிலத்துக்குள்ளால் 'டும்' என்று ஒரு சத்தம் வரும். வகுப்பில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் வெண்கட்டி ஒரு சின்னக் கோடு இழுக்கும். அதை அழித்துவிட்டுத் தொடர்ந்து எழுதுவேன்.

அந்தக் கடலில் ஒன்றையும் மிதக்கவிடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மீன்பிடிக்கப் போகிறவர்களே பாஸ் எடுத்து, சொன்ன நேரத்துக்குத்தான் போய் வருவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் பெரிய ஆட்களுக்கும் பெரிய படகுகளுக்கும்தான் என்று என் மனது எப்படியோ முடிவு கட்டிவிட்டிருந்தது.

அந்தத் தவணையில் கைப்பணிக்குப் படகு செய்வது என்று தீர்மானித்தேன். கொழும்பிலிருந்து லொறி ஒழுங்காக வராத மாதங்கள் அவை. மட்டையும் இல்லை, பசைப் போத்தலும் இல்லை. பழைய இறப்பர் செருப்பு நன்றாக மிதக்கும், கத்தியால் வெட்டலாம், ஈர்க்கைக் குத்தினால் பாய்மரம் நிற்கும். வீட்டில் கிடக்கும் ஒற்றைச் செருப்புகளைக் கொண்டு வரச் சொன்னேன். ஊரில் ஒற்றைச் செருப்புக்குப் பஞ்சமே இல்லை. சனம் ஓடும்போது ஒன்று கழன்று விழுந்துவிடும், மற்றது வீட்டுக்கு வந்துவிடும். மறுநாள் மேசையில் ஒரு குவியல் சேர்ந்தது.

எனது படிப்பிக்கும் விதத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நான் கஞ்சி போட்ட பருத்திச் சேலை உடுத்திக்கொண்டு, வகுப்புக்குள் வரிசை வரிசையாக நடந்து, "இன்னும் கொஞ்சம் வடிவா வெட்டு", "இது கோணல்" என்று சொல்லிக்கொண்டு போவேன். ஒவ்வொருவரின் படகும் வேறு வேறாக இருக்கவேண்டும் என்பது என் சட்டம். யோசனைகள் நிறையச் சொல்வேன். ஆனால் என் கையில் பசை பட்டதை அந்த வகுப்பு கண்டதில்லை. நான் நல்ல ரீச்சர் என்று எனக்கு நல்ல எண்ணம் இருந்தது.

நிரோசா மூன்றாவது வரிசையில் இருப்பாள். ஒல்லிப் பிள்ளை. முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்த பெரிய பற்கள். அதனால் எப்போதும் ஏதோ சொல்ல வருவதுபோல இருக்கும் முகம். தகப்பன் இல்லை. அவளுடைய அண்ணன் கண்ணனுக்குப் பத்தொன்பது வயது; சந்தைக்குப் பக்கத்தில் றேடியோ திருத்தும் கடையில் வேலை. அவனுடைய உழைப்பில்தான் வீடு நடந்தது. கடையில் மிஞ்சும் வயர்த் துண்டுகளையும் பழைய பல்ப்களையும் தங்கைக்கு விளையாட்டுச் சாமானாகக் கொண்டுவந்து கொடுப்பான்.

எல்லோரும் பாய்மரம் வைத்தார்கள். நிரோசா வெளிச்சவீட்டுக் கப்பல் செய்தாள். இரண்டு செருப்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, நடுவில் குழி வெட்டி, இரண்டு டோர்ச் பற்றரிகளை வைத்துக் ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் சுற்றி, வயரை மேலே எடுத்து, உச்சியில் ஒரு சின்ன பல்ப். அதை வகுப்பில் எரியவிட்டுக் காட்டியபோது எல்லாப் பிள்ளைகளும் கதிரைகளில் ஏறி நின்றார்கள். நானும் அசந்துபோனேன். அது எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையிடம் கேட்க வெட்கமாக இருந்தது. "மிச்சம் நல்லா இருக்கு" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

மழை விட்ட ஒரு தை மாதக் காலை. படகுகளை மிதக்கவிட்டுப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். பாடசாலையில் இருந்த ஒரே தண்ணீர்த் தொட்டிக்குள் ஆறு படகு விட்டதும் இடம் முடிந்துவிட்டது. பின்மதிலுக்கு அப்பால் கடல் தகடுபோலக் கிடந்தது. பாடசாலை அதிபர் வேறு அலுவலாக வெளியே போயிருந்தார். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். எனது தையல்பெட்டி நூலை எடுத்து ஒவ்வொரு படகிலும் நானே கட்டினேன். மற்றத் தலைப்பைப் பிள்ளைகளின் விரலில் சுற்றிவிட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளும் படிகளில் வரிசையாகக் குந்தினார்கள்.

அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு அழகாக இருந்தது என்பதை மறைத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று முப்பத்தொரு செருப்புப் படகுகள். பால்மாப் பெட்டித் தாளில் வெட்டிய பாய்கள் வெயிலில் மின்னின. எப்போதும் சண்டை பிடிக்கிற இரண்டு பொடியன்கள்கூட ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒருவரும் எதிர்க்கரையைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

தையல் நூல் நனைந்தால் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று எந்தத் தையற்காரியும் சொல்வாள். எனக்கு அந்த நேரம் மூளையில் வரவில்லை. பற்றரி வைத்த படகுதான் எல்லாவற்றிலும் பாரமானது. அதன் நூல் அறுந்தது. பின்னாலிருந்து வாடைக்காற்று தள்ள, நிரோசாவின் படகு தண்ணீரில் அரைவாசி அமிழ்ந்தபடி, கறுப்பு ரேப்பும் வயருமாக எதிர்ப்பக்கத்தை நோக்கி நேரே போயிற்று. அவள் இடுப்பளவு தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டாள். சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தேன். அதற்குள் எதிர்ப்பக்கச் சென்றிக் காவலிலிருந்து விசில் ஊதிக் கேட்டது.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. ஒரு மோட்டார்ப் படகு வந்து, கிட்டப் போகாமல் தூரத்தில் நின்று சுற்றியது. துவக்குகளை நீட்டியபடி மூன்று நாலு பேர். "படுங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு திரும்பினேன். பிள்ளைகள் ஏற்கெனவே மதிலுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான். கடலில் ஒருவன் நீளமான தடியால் அந்தச் செருப்பை மெல்லமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தூக்கி எடுத்தார்கள். பிறகு எங்கள் மதிலைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளை வகுப்புக்குள் கொண்டுவந்து இருத்தினேன். பிரதி அதிபர் ஓடி வந்தார். நல்ல மனுசன், அமைதியானவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, எப்படியும் வருவார்கள், பிள்ளை செய்த விளையாட்டுச் சாமான் என்று உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றார். வயரும் பற்றரியும் யார் கொடுத்தது என்று அடுத்ததாகக் கேட்பார்களே என்றேன்.  கண்ணன் எங்கே வேலை செய்கிறான் என்பது அவருக்கும் தெரியும். பத்தொன்பது வயதுப் பொடியன், வயர், பற்றரி, கடல். இந்த நாலையும் ஒரே வரியில் எழுதினால் அந்தக் காலத்தில் அதை எப்படி வாசிப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். விசாரணைக்கென்று போன பொடியன்கள் எல்லோரும் அன்றைக்கே வீடு திரும்பியதில்லை.

"நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறன் சேர்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலுமோ ரீச்சர்?" என்று கேட்டார். சொல்லுவதற்கு என்ன, வாய்தானே வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது வரிசையில் நிரோசா ஈரச் சட்டையோடு இருந்தாள். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணித்தியாலத்தில் வாகனம் வந்தது. நாலு பேர் விறாந்தையில் நின்றார்கள். அதிகாரி மட்டும் உள்ளே வந்தார். நடுவயது, வியர்த்த முகம். தொப்பியைக் கழற்றிவிட்டுப் படகை என் மேசையில் வைத்தார். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பேசினார். இது யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். பற்றரி? எங்கள் வீட்டு டோர்ச் லைற்றில் இருந்தது. வயர்? வீட்டில் கிடந்தது. ஏன் செய்தது? பிள்ளைகளுக்குக் காட்ட. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு கஞ்சி கலையாத என் சேலையைப் பார்த்தார்.

கறுப்பு ரேப்பைப் பிரித்தார். இரண்டு பற்றரி, இரண்டு வயர்த்துண்டு, பல்ப். எல்லாவற்றையும் எனது வரவுப் பதிவேட்டின்மேல் வரிசையாக வைத்தார்.

"இப்ப திரும்பச் செய்யுங்க, டீச்சர்" என்றார். "லைட் எரியணும்."

உங்களுக்குச் சொல்கிறேன், எத்தனையோ மேற்பார்வைகளைக் கண்டவள் நான். பின்வாங்கில் இருந்து குறிப்பெழுதிய பெரிய பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் ஒரு சொல் தடுமாறாமல் படிப்பித்தவள். அன்றைக்கு அந்த ஐந்து சாமானுக்கு முன்னால் என் கை நடுங்கிய நடுக்கத்தைச் சொல்லி முடியாது. பற்றரிகளை எடுத்துத் தலையோடு தலையாக முட்டவைத்தேன். வயரின் இரண்டு முனைகளையும் பல்ப்பின் கழுத்தில் சுற்றினேன். எரியவில்லை. மற்றப் பக்கம் திருப்பினேன். எரியவில்லை. பல்ப் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. அதிகாரி அதை எடுத்து மறுபடி என் முன்னால் வைத்தார். வாசலில் பிரதி அதிபர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பொய் சொல்கிறேன் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துபோன நேரம் அது. அடுத்த கேள்வி இனி ஒன்றுதான் இருக்கமுடியும்.

"ரீச்சர், பிழை" என்றது ஒரு குரல்.

நிரோசா எழும்பி நின்றாள். உட்கார்ந்திரு என்று கண்ணால் காட்டினேன். அவள் இருக்கவில்லை. அதிகாரி திரும்பினார். அவள் அவரைப் பார்த்து, ஒப்புவிக்கிற பாடம் மாதிரி நிதானமாகச் சொன்னாள்:

"ரீச்சர் வேணுமெண்டுதான் பிழையாச் செய்யிறவ, சேர். நாங்கள்தான் பிழையைக் கண்டுபிடிக்க வேணும்."

 அதிகாரி வகுப்பு முழுவதையும் பார்த்து, உண்மையா என்று கேட்டார்.

"ஓம் சேர்" என்றார்கள். முப்பது பேரும். ஒரே குரலில். ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு நாளும் ஒன்றாகச் சொல்லத் தெரியாத வகுப்பு அது.

நிரோசாவை முன்னுக்குக் கூப்பிட்டார். வந்தாள். பற்றரிகளை எடுத்து, ஒன்றின் தலை மற்றதன் அடியில் படும்படி வைத்தாள். "இஞ்ச பாருங்கோ, ஒரு வயர் பல்ப்பின்ர பக்கத்தில, மற்றது அடியில" என்று அச்சொட்டாக என் குரலில் வகுப்புக்கு விளக்கம் சொன்னாள். பல்ப் எரிந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். "ரீச்சர்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அம்மா."

"வேற?"

"வேற ஒருத்தரும் இல்ல, சேர்."

கண் வெட்டாமல் சொன்னாள். காலையில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனவன் அண்ணன் கண்ணன். நான் அந்தப் பிள்ளைக்கு நாலு கிழமை வெட்டவும் ஒட்டவும் படிப்பித்தேன். இதை நான் படிப்பிக்கவில்லை. யாரும் உட்கார்த்திவைத்துப் படிப்பித்திருக்கவும் மாட்டார்கள். ஒன்பது வயதில் இது தெரிந்திருக்கவேண்டிய ஊரில் அவள் பிறந்திருந்தாள். 

அதிகாரி பற்றரிகளைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். செருப்புகளையும் பல்ப்பையும் அவளிடமே கொடுத்தார். இது நல்ல முறை, தன் மகளின் ரீச்சருக்கும் சொல்லவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, இனிக் கடலில் எதையும் விடவேண்டாம், எல்லா நாளும் தடியால் தொட்டுப் பார்க்க ஆள் வரமாட்டார்கள் என்றார். வாசலில் நின்று தொப்பியைப் போடும்போது திரும்பினார்.

"அடுத்த முறை நான் வரும்போது, டீச்சர் பிழை இல்லாம செய்து காட்டணும்."

பகிடியாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பிறகு வரவேயில்லை. ஆனால் வரமாட்டார் என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது உங்களுக்குப் புத்திமதி சொல்லவேண்டிய இடம். பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுபோனது என் பிழை. தலைக்கனத்தில் வந்த பிழை. அதற்கு நான் பிரதி அதிபரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். சிலர் ஏசினார்கள், ஏசினது நியாயம். அதைவிட ஆழமான பிழை மற்றது. முப்பத்தொரு பிள்ளைகளிடம் செய்யச் சொன்ன ஒன்றை என் கையால் ஒருதரம்கூடச் செய்து பார்க்கவில்லை. தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டேன். ஒரு குடும்பத்துக்காகப் பொய் சொல்ல எனக்குத் துணிவு இருந்தது. அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிக்கக் கைவேலை இருக்கவில்லை. ஆகவே நாளைக்கு வகுப்பில் கொடுக்கப்போகும் எதையும் இன்றைக்கு வீட்டில் நீங்களே செய்து பாருங்கள். சேலையில் பசை பட்டால் கழுவலாம்.

வேண்டுமென்றே பிழை விட்டுப் பிள்ளைகளைத் திருத்தச் சொல்லும் முறையைப் பிறகு நான் உண்மையாகவே பழக்கத்தில் கொண்டுவந்தேன். நன்றாக வேலை செய்தது. ஆசிரியர் பயிற்சிகளில் அதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டியும் இருக்கிறார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், மூன்றாவது வரிசையில் என்று சொல்வேன். பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அன்று பின்னேரமே நிரோசாவின் தாய் கண்ணனைச் சாம்பல்தீவில் இருந்த தன் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து, ஏசாமல், அழாமல், நிலைமையைச் சொன்னார். அந்த அதிகாரி திரும்பி வந்து, ரீச்சருக்குச் செய்யத் தெரியாது என்று கண்டுவிட்டால் பிறகு வீட்டைத் தேடி வருவார்கள். அதனால் பொடியன் அங்கேயே நிற்கட்டும். கடைக்காரர் இரண்டு கிழமை பார்ப்பார். அதற்குமேல் வேறு ஆளை எடுத்துவிடுவார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பழகிக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

அன்று இடைவேளைக்கு மணி அடித்ததும் நிரோசா என் மேசைக்கு வந்தாள். கையில் பல்ப்பும் வயரும். என் கைப்பையில் வீட்டு டோர்ச் லைற்றின் பற்றரிகள் இருந்தன. எல்லோரும் விளையாடப் போனபிறகு அவள் என் கதிரையில் இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் படிப்பது லேசான காரியம் இல்லை. நகம் நீளம், வெட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். வெட்டிக்கொண்டு போனேன். வயர் முனையைப் பல்லால் உரிக்கக்கூடாது என்றாள். நான் எப்போதும் அவர்களிடம் சொல்லுவதை அப்படியே எடுத்து, "அவசரப்பட்டால் கோணலாத்தான் வரும்" என்று எனக்கே சொன்னாள். மூன்றாம் நாள் முதல்தரமாக எரிந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பச் செய்யுங்கள் என்றாள். எரிந்தாலும் கை நடுங்குகிறது, அவர் பார்ப்பார் என்றாள்.

ஐந்தாம் நாள் கை நடுங்காமல் செய்தேன். ஆறாம் நாள் அவளே அதிகாரியாக நடித்தாள். தொப்பியைக் கழற்றுவதுபோலக் கழற்றி, சாமான்களைப் பதிவேட்டின்மேல் வரிசையாக வைத்து, என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழாம் நாள், வேலை செய்துகொண்டே அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றாள். பற்றரி எங்கே எடுத்தது, வயர் யார் தந்தது என்று அவள் கேட்கக் கேட்க, நான் பதில் சொல்லிக்கொண்டே முறுக்கினேன். ஒரு பதில் பிந்தினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு நான் பயந்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்தும் இருந்தது.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் ஐந்து தரம் செய்து, ஐந்து தரமும் எரிந்தது. இனிப் போதும்தானே என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

"கரண்ட் இல்லாத நேரம் வந்து கேட்டா?"

அந்த நாட்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் கூட. சரி, என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். கதிரையை விட்டு இறங்கி என்னை அதில் இருத்தினாள். எனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் என் கண்களைப் பொத்தினாள். உள்ளங்கையில் இறப்பர் மணம் அடித்தது. நான் தடவித் தடவிப் பற்றரிகளை எடுத்தேன். தலையும் அடியும் எது என்று விரலால் பார்த்து வைத்தேன். வயரில் ஒன்றைப் பல்ப்பின் பக்கத்தில் சுற்றினேன், மற்றதை அடியில் வைத்து அமத்தினேன். எரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.  அவளுடைய மூச்சு என் காதில் பட்டது.

"நிரோசா, பத்துதா?"

"பத்துது ரீச்சர்."

ஆனால் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. என் கண்ணீர் அவளுடைய விரலில் படுவதை அவள் உணர்ந்திருப்பாள். 

"அப்ப சரி. அண்ணாவை வரச் சொல்லச் சொல்லி அம்மாட்டச் சொல்லுறன்."

முப்பத்து மூன்று வருடச் சேவையில் நான் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், அதைவிட அதிகமாகப் புள்ளி போட்டும் இருக்கிறேன். தோற்றுவிடுவேனோ என்று உண்மையாகப் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். திங்கட்கிழமை காலை பாடசாலைக்குப் போகும் வழியில் றேடியோக் கடையை எட்டிப் பார்த்தேன். கண்ணன் உள்ளே குனிந்திருந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தான்.